யார் போனில் என் படம்?

உமாராணிக்கு ஸ்டிக்கர் என்றால் உயிர். எழுத்துக் கூட்டி டைப் அடிப்பதற்குள் அடுப்பில் பால் பொங்கி வழிந்துவிடும். சரி, வாட்ஸ்அப்பில் கூப்பிட்டுப் பேசலாம் என்றால் இந்த ஊரில் அந்த அழைப்புக்குத் தடை. ஷார்ஜா ரோலாவில் ஒரு அறைக்குள் இருந்துகொண்டு, குவைத்தில் ஃபஹாஹீலில் இருக்கும் தம்பியோடும், சவூதியில் ஜித்தா ஷரஃபியாவில் இருக்கும் நாத்தனாரோடும், பரமக்குடியில் இருக்கும் மிச்ச சொந்தங்களோடும் உறவு அறுந்துபோகாமல் இருக்கிறது என்றால் அது யார் புண்ணியம்? ஸ்டிக்கர் புண்ணியம். காலையில் பூவோடு ஒரு அம்மன். கோபத்துக்குக் கண்ணை உருட்டும் ஒரு பூனை. அவளிடம் இட்லி மாவு வாங்குகிற வீட்டம்மாக்களுக்கும் அதே பாஷைதான். மாவு இருந்தால் கட்டைவிரல், தீர்ந்துபோனால் கையை விரித்த பொம்மை.

ஜனவரி தொடக்கத்தில் ஃபஹாஹீல் தம்பி பன்னீர்செல்வம் குடும்ப குரூப்பில் புதிதாக ஒன்று அனுப்பினான். அவன் ரூமில் சோறு அடிப்பிடித்துவிட்டதாம், அதற்கு. கரிக்கட்டையாய் ஒரு பெண்பிள்ளை முகம். வாய் பிளந்து, கண் இரண்டும் தட்டு மாதிரி. பக்கத்தில் புகை கக்குகிற இஸ்திரிப் பெட்டி. கீழே மஞ்சள் எழுத்தில் ‘கருகிடுச்சு!’

உமாராணி வயிறு வலிக்கச் சிரித்தாள். பக்கத்து அறை ஹிஃப்ஸாவைக் கூப்பிட்டுக் காட்டினாள். ரோலாவில் ஒரு ஃபிளாட்டுக்கு இரண்டு குடும்பம் என்பது சாதாரணம். இவர்களுக்கு ஓர் அறை, கீழக்கரைக்காரி ஹிஃப்ஸா குடும்பத்துக்கு ஓர் அறை, சமையல்கட்டு பொது. ஹிஃப்ஸாவும் சேர்ந்து சிரித்தாள். அந்த வாரம் முழுக்க உமாராணிக்கு அதுதான் பேச்சு. கரண்ட் போனால் கருகிடுச்சு. சீட்டு விழாவிட்டால் கருகிடுச்சு. நாத்தனார் நாகவள்ளி, மகனுக்கு மார்க் குறைந்துவிட்டது என்று புலம்பினாள், அதற்கும் கருகிடுச்சு.

வியாழக்கிழமை மத்தியானம் மகள் நாகஜோதி பள்ளிக்கூட பஸ்ஸிலிருந்து, லஞ்ச் என்னம்மா என்று கேட்டு மெசேஜ் போட்டாள். அன்றைக்குப் பார்த்து ஹிஃப்ஸாவிடம் வாயடித்ததில் வத்தக்குழம்பு அடிப்பிடித்திருந்தது. உமாராணி யோசிக்கவே இல்லை. மகளுக்கும் அந்த ஸ்டிக்கரையே தட்டிவிட்டாள்.

ஜோதி வீட்டுக்கு வந்தவள் ஷூவைக் கழற்றவில்லை. பதினோராம் வகுப்புப் படிக்கிற பிள்ளை. எந்நேரமும் தொணதொணவென்று பேசுகிறவள், கதவோரமாகவே நின்றாள்.

“அம்மா, அந்த ஸ்டிக்கர் உனக்கு யாரு அனுப்புனா?”

“உங்க மாமாதான். ஏன்டி? நல்லாருக்குல்ல?”

ஜோதி தன் போனை நீட்டி, அந்தப் படத்தை இரண்டு விரலால் விரித்தாள். நகத்தளவு இருந்த முகம் திரை நிறைய வந்தது. தலையில் ஒரு பச்சைக் கிளிப். ரோலா பஜாரில் பேரம் பேசி உமாராணியே வாங்கிக் கொடுத்தது. இடது புருவத்தில் ஒரு வெட்டுத் தழும்பு. நடை பழகும்போது கட்டிலிலிருந்து விழுந்தது. அன்றைக்கு அவளைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடியவளும் இதே உமாராணிதான்.

“என்னைத் தெரியலையாம்மா உனக்கு?” என்றாள் ஜோதி.

ஆத்தாடி! உமாராணி போனைப் பிடுங்கிக் கண்ணருகே வைத்துப் பார்த்தாள். முகத்தைக் கறுப்படித்துக் கண்ணைப் பெரிதாக்கி வைத்திருந்தான், எவனோ பாவி. இருந்தாலும் கிளிப் கிளிப்தானே, தழும்பு தழும்புதானே? ஊரெல்லாம் சிரித்தது, கூடச் சேர்ந்து அவளும் சிரித்திருக்கிறாள். மகளைக் கட்டிப் பிடிக்கப் போனாள். ஜோதி ஒதுங்கிக்கொண்டாள்.

விஷயத்தைப் பிடுங்கி எடுக்க அன்றைக்குச் சாயங்காலம் ஆயிற்று. ஜோதியின் அப்பா அம்மையப்பன் ஒரு லாண்ட்ரியில் இஸ்திரி போடுகிறவன். கூட்டம் இல்லாத நேரத்தில் கடை வேனை எடுத்துக்கொண்டு துணி கொடுத்துவிட்டும் வருவான். சனிக்கிழமை ஆனால் ஜோதி அவனுக்குச் சாப்பாடு கொண்டுபோவாள். அப்பா சாப்பிட்டு முடிக்கிற வரைக்கும் நாலு சட்டையைத் தேய்த்துக் கொடுப்பாள். அவளாக ஆசைப்பட்டுச் செய்கிற வேலை அது. போன மாதம் அப்படித் தேய்த்துக்கொண்டிருந்தபோது முதலாளி சுரேஷ்குமார் கடைக்கு வந்தார். கூடவே அவர் மகன் நிரஞ்சன். ஜோதியும் அவனும் ஒரே கணக்கு டியூஷன். நீராவிக்கு நடுவில், வியர்த்து வழிந்து, மூச்சுக்கு வாயைத் திறந்தபடி அவள் நின்ற ஒரு நொடியை அவன் போனில் பிடித்துக்கொண்டான். அவளுக்குத் தெரியாது.

டியூஷன் குரூப்பில் யாருக்கோ மார்க் குறைந்தபோது அந்த ஸ்டிக்கர் முதன்முதலாக வந்து விழுந்தது. ஜோதி, ப்ளீஸ் டெலீட் பண்ணு என்று போட்டாள். பதிலுக்கு அதே முகம் வந்தது. மறுபடி ப்ளீஸ் போட்டாள். ஒருத்தன் பாக்கியில்லாமல் வரிசையாக அதே முகத்தை அனுப்பினார்கள். அவளோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்து சாப்பிடுகிற பிள்ளைகளும் அனுப்பினார்கள். அப்புறம்தான் அவள் மைக்கை அழுத்தினாள்.

“எடுபட்ட நாயே, உங்கப்பன் சட்டையத் தேச்சுத் தேச்சுத்தான்டா எங்கப்பாவுக்குக் கை காய்ச்சுப் போயிருக்கு. இன்னொரு தடவை இத அனுப்புன, அதே பெட்டிய உன் மூஞ்சியில வச்சுத் தேச்சிருவேன்!”

பிறந்ததிலிருந்து ஷார்ஜாவில் வளர்ந்து, பாதி இங்கிலீஷில் பேசுகிற பிள்ளைக்கு இந்த வாய் எங்கிருந்து வந்தது என்று கேட்கவே வேண்டாம். அது சுத்தமான பரமக்குடி வாய். உமாராணி வீட்டுச் சீதனம்.

“இத்தனை நாளா ஏன்டி சொல்லல?” என்றாள் உமாராணி.

“சொன்னா போன வாங்கி வச்சுப்பீங்க. டியூஷன நிறுத்துவீங்க. செஞ்சது அவன், வீட்டுக்குள்ள உக்காருறது நானா?”

 உமாராணி அதைத்தான் செய்திருப்பாள்.

அம்மையப்பன் வேலை முடிந்து வந்தபோது அவன் முகத்தில் ஈயாடவில்லை. சாப்பிடவும் உட்காரவில்லை.

“முதலாளி அந்த வாய்ஸக் கடையில எல்லாருக்கும் முன்னாடி போட்டுக் காட்டுனாரு” என்றான். “உங்கப்பன்னு நம்ம பிள்ள சொல்லுதுல்ல, அந்த எடத்துல நிறுத்தி நிறுத்திப் போட்டாரு. வாட்ஸ்அப்ல திட்டுனா இந்த ஊர்ல என்ன கேஸுன்னு தெரியும்ல அம்மையப்பான்னு கேட்டாரு.”

வளைகுடாவில் இருக்கிற யாருக்கு அது தெரியாது? ஒரு வார்த்தை அனுப்பி மாட்டிக்கொண்டவன் கதை ஒவ்வொரு ரூமிலும் ஒன்று உண்டு. அதில் எது நிஜம், எது கட்டுக்கதை என்று பிரித்துப் பார்க்கிற தைரியம்தான் யாருக்கும் இல்லை.

“அதுக்கு?” என்றாள் உமாராணி.

“சங்கத்துப் பொங்கல் விழாவுல பிள்ள மேடையேறி அவரு குடும்பத்துக்கிட்ட மன்னிப்பு கேக்கணுமாம். கேட்டா இதோட விட்டுருவாராம். இல்லாட்டி கேஸு. விசாவும் கேன்சல்.”

தமிழ்க் குடும்பங்கள் சங்கம் என்று ஒன்று, அதற்குத் தலைவரும் அதே சுரேஷ்குமார்தான். அம்மையப்பன் விசா அவர் கடையில். அம்மையப்பன் விசாவில்தான் உமாராணியும் ஜோதியும். ஒரு நூலை இழுத்தால் மொத்தமும் அவிழ்ந்துவிடும். பன்னிரண்டாம் வகுப்புக்கு இங்கே படிக்க முடியாமல், பாதிப் பாடத்தோடு பிள்ளை ஊரில் போய் நிற்க வேண்டும்.

ஜோதி நிமிர்ந்து உட்கார்ந்தாள். “திட்டுனதுக்கு சாரி சொல்றேன்ப்பா. அவன்கிட்ட, நேர்ல. ஸ்டேஜ்ல ஏறி, ஏதோ நான் மட்டும் தப்பு பண்ண மாதிரி சொல்ல மாட்டேன். கேக்காம போட்டோ எடுத்து ஷேர் பண்றதும் இங்க அஃபென்ஸ்தான். ஸ்கூல்லயே சொல்லியிருக்காங்க.”

“சட்டம் ரெண்டு பேருக்கும் ஒண்ணுதான் தாயி. விசா அவரு கையிலல்ல இருக்கு” என்றான் அம்மையப்பன்.

உமாராணிக்கும் அப்போது பயம்தான் முந்திக்கொண்டது. “காரியம் ஆகணும்னா கழுதை காலையும் புடிக்கணும்டி. ரெண்டு வார்த்தை சொல்லிட்டு இறங்கி வந்துரு.”

“கழுதைன்னா புடிப்பேன்மா. கழுதை யாரையும் போட்டோ எடுக்காது.”

சொல்லிவிட்டு ஜோதி புத்தகத்தை எடுத்துக்கொண்டு ஹிஃப்ஸா அறைக்குப் போய்விட்டாள். அம்மையப்பனுக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. கையைக் கழுவிவிட்டுச் சாப்பிடாமலே படுத்துக்கொண்டான்.

மறுநாள் காலையில் உமாராணி சமையல்கட்டில் போனை வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். தான் அனுப்பினதையாவது தானே துடைத்துவிடலாம் என்று நினைத்தாள். அழிக்கப் பார்த்தால் போன் ஒத்துக்கொள்ளவில்லை. நாளாகிவிட்டதாம், இனி அவளுடைய போனில் மட்டும்தான் அழியுமாம்.

“அடுத்தவங்க போன்ல போயிருச்சுன்னா போனதுதான்க்கா” என்றாள் ஹிஃப்ஸா. “வேணும்னா ஒவ்வொருத்தரா சொல்லித்தான் பாக்கணும். எனக்கும் அனுப்பியிருந்தீங்க, நான் அழிச்சுட்டேன். நானும் சிரிச்சேனே, அல்லா மன்னிக்கணும்.”

உமாராணி முதலில் தம்பிக்கு மைக்கை அழுத்தினாள். “டேய் செல்வம், நீ அனுப்புன படம் நம்ம ஜோதிடா. உன் மருமவடா.” அவன் பதறிப்போய்த் திருப்பி அனுப்பினான். “சத்தியமா தெரியாதுக்கா. இங்க ரூம்ல எல்லார் போன்லயும் கெடக்கு. மெஸ்ஸுக்காரன் எனக்கு அனுப்புனான். நான் அழிச்சுருவேன்க்கா, மத்தவங்கள நான் என்ன பண்ணுவேன்?” குரல் உடைந்துவிட்டது. நிரஞ்சன் கையிலிருந்து புறப்பட்டது குவைத்துக் கடற்கரை வரைக்கும் போய், ஒரு மெஸ் வழியாகத் திரும்பி, ரோலாவிலேயே அந்தப் பிள்ளையின் தாய் கைக்கு வந்து சேர்ந்திருக்கிறது. கடல் தாண்டிப் போய் வர ஒரு படத்துக்கு வழிச்செலவே இல்லை.

அடுத்து நாத்தனார். நாகவள்ளி பதில் அனுப்பியதைக் கேட்டதும் உமாராணி அடுப்பை அணைத்தாள்.

“இதுக்குப் போயா அண்ணி இந்தப் பாடு? ஸ்டிக்கர்தான? எம்மகனும் அவன் கிளாஸ்ல இதத்தான் அனுப்புறான், எல்லாம் ஒரு தமாசுதான். கறுப்பா இருக்குறதக் கறுப்புன்னாங்க, இல்லாததயா சொன்னாங்க? நீங்களுந்தான அனுப்புனீங்க!”

கடைசி வாக்கியம் உறைத்தது. அதைவிட உறைத்தது அதற்கு முந்தினது. ஏனென்றால் அந்த வார்த்தை உமாராணிக்குப் புதிதில்லை. பஸ் ஸ்டாப்பில் வெயிலில் நிற்காதே, கறுத்துப்போவாய். கடலைமாவு போட்டுக் குளி. அந்தப் பச்சைச் சுடிதார் வேண்டாம், உன் நிறத்துக்கு எடுக்காது. இதையெல்லாம் பிள்ளை பிறந்ததிலிருந்து சொன்னது நிரஞ்சன் இல்லை. அவன் வீட்டில் ஒருத்தரும் இல்லை.

எழுந்து போய் அலமாரியைத் திறந்தாள். ஜோதிக்கென்று மாதாமாதம் வாங்கி வைக்கிற சிவப்பழகு க்ரீம் டியூபை எடுத்துக் குப்பைத் தொட்டியில் வீசினாள். அது காலையில் கொட்டிய டீத்தூளுக்குள் போய் விழுந்தது. நல்லதுதான்.

பள்ளிவாசலில் ஜும்மா முடிந்து தெரு நிரம்பியிருந்த நேரம். ஜன்னலோரம் உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்த மகளிடம் போய் நின்றாள்.

“நீ மன்னிப்பு கேக்க வேணாம்.”

“நேத்து கேக்கச் சொன்ன?”

“நேத்து எனக்குப் புத்தி இல்ல. இன்னைக்கு வந்துருச்சு. ஆனா விழாவுக்குப் போவோம். ஒளிஞ்சு உக்காந்தா நாம தப்பு செஞ்சதாத்தான் ஆகும்.”

அம்மையப்பன் இதைக் கேட்டதும் தலையில் கை வைத்துக்கொண்டான். “உங்க ரெண்டு பேரு வாயும் என்னைய ஏர்போர்ட்ல கொண்டு விட்டுட்டுத்தான் மூடும்” என்றான். உமாராணி மாவு அரைக்கப் போய்விட்டாள். பேசினால் சண்டையாகும், சண்டையானால் அவன் அழுதுவிடுவான் என்று அவளுக்குத் தெரியும். பாவம், கெட்ட மனுஷன் இல்லை. இரண்டாயிரம் சட்டை தேய்த்தாலும் தன் சட்டையை மட்டும் கசங்கலாகப் போட்டுக்கொண்டு போகிற பிறவி.

விழா சனிக்கிழமை, ஒரு ரெஸ்டாரண்டின் மாடி ஹாலில். அங்கே நெருப்புக்கு அனுமதி இல்லை. அதனால் இண்டக்‌ஷன் அடுப்பின்மேல் பித்தளைப் பானை சூடேற மாட்டாமல் முரண்டு பிடிக்க, ஒரு எவர்சில்வர் பாத்திரத்தில் பொங்கல் பொங்கியது. பெண்கள் குலவை போட்டார்கள். வாழை மரத்துக்குப் பதில் பிளாஸ்டிக் தோரணம், கரும்பு மட்டும் நிஜம். சுரேஷ்குமார் பட்டு ஜிப்பாவில் வந்திருந்தார். அன்றைக்குக் காலையில் அதைத் தேய்த்துக் கொடுத்தது அம்மையப்பன்தான். மடிப்புக் கலையவில்லை.

கோலப் போட்டிக்குப் பரிசு கொடுத்து முடித்ததும் அவர் மைக்கை வாங்கினார். குரலில் தேன் ஒழுகியது.

“நம்ம குடும்பத்துப் பிள்ளை ஒண்ணு, வயசுக் கோளாறுல கொஞ்சம் தப்பாப் பேசிடுச்சு. இந்த நாட்டுல அதுக்கெல்லாம் என்ன தண்டனைன்னு எல்லாருக்கும் தெரியும். ஆனா நாம ஒரே குடும்பம் பாருங்க. அதனால பெரிய மனசு பண்ணி இங்கேயே முடிச்சுக்கலாம்னு இருக்கோம். நாகஜோதி, மேல வாம்மா. பயப்படாத.”

முன்வரிசையில் நிரஞ்சன் புது வேட்டியில் உட்கார்ந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஜோதி எழுந்தாள். அம்மா எடுக்காது என்று ஒதுக்கி வைத்த அந்தப் பச்சைச் சுடிதாரைத்தான் போட்டிருந்தாள். தலையில் பச்சைக் கிளிப். அம்மையப்பன் ஒரு தடவை அவள் கையைப் பிடித்தான், பிறகு விட்டுவிட்டான்.

அவள் மைக்கை வாங்கிக்கொண்டு கூட்டத்தைப் பார்த்தாள். 

“நான் திட்டுனது நெஜம். அதப் பத்திக் கடைசியில சொல்றேன். முன்னாடி ஒரு கேள்வி. கருகிடுச்சுன்னு ஒரு ஸ்டிக்கர் இருக்கு. உங்க எல்லாருக்கும் தெரியும். அதுல இருக்கிறது நான்தான். யார் போன்லல்லாம் என் படம் இருக்கோ, கொஞ்சம் கையத் தூக்குங்க.”

 யாரும் அசையவில்லை. போனை நோண்டிக்கொண்டிருந்தவர்கள்கூட அதைக் கவிழ்த்து மடியில் வைத்தார்கள். சுரேஷ்குமார் சிரிக்க முயன்றார். “இது எதுக்கும்மா இப்ப? மன்னிப்பு மட்டும்...”

“தெரிஞ்சுக்கணும் சார். யாருமே இல்லையா?”

மேடைமேல் பிள்ளை ஒற்றையாய் நின்றது. அந்த நிற்பை உமாராணியால் பார்க்க முடியவில்லை. இத்தனை பேர் இருக்கிற சபையில் கையைத் தூக்கினால் மானம் போகும். போகட்டும், போய்த் தொலையட்டும். அவள் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்து கையை உயர்த்தினாள்.

“என் போன்ல இருந்துச்சு! நானே நாப்பது பேருக்கு அனுப்பிச் சிரிச்சேன். எம்மகதான்னு தெரியாமச் சிரிச்சேன். வேற யாரோ பெத்த பிள்ளைன்னாலும் சிரிச்சிருக்கக் கூடாது. இப்ப சொல்லுங்க, நான் பெத்தவ, நானே கையத் தூக்கிட்டேன். உங்களுக்கென்ன கூச்சம்?”

ஹிஃப்ஸா கையைத் தூக்கினாள். அவளுக்குப் பின்னால், மாவு வாங்குகிற ஒரு யாழ்ப்பாணத்துப் பெண், மதுஷா, மெதுவாக எழுந்தாள். “என்னட்டையும் கிடக்குது, தங்கச்சி. குறை நினையாதேங்கோ” என்றாள். அப்புறம் இங்கொன்றும் அங்கொன்றுமாய்க் கைகள். டியூஷன் பிள்ளைகளில் ஒருத்தி அழுதுகொண்டே தூக்கினாள். அவளைப் பார்த்துப் பக்கத்தில் இருந்தவன் தூக்கினான். கடைசியில் தூக்காதவர்களை எண்ணுவது சுலபம் என்கிற அளவுக்கு வந்துவிட்டது.

ஜோதி எல்லோரையும் நன்றாகப் பார்த்துக்கொண்டாள். “இதுதான் ஒரிஜினல். நான் கறுப்புதான். எங்கப்பா இஸ்திரி போடுறவருதான். ரெண்டும் ஜோக் இல்ல. பாத்தாச்சுல்ல? இப்ப அதை டெலீட் பண்ணுங்க.”

சுரேஷ்குமாரின் தேன் தீர்ந்துபோனது. “என்ன நடக்குது இங்க? நான் கேஸ் குடுக்காம இருக்கேன்னா அது என் பெருந்தன்மை! அம்மையப்பா, என்னய்யா இது? உன் வீட்டுப் பொம்பளைங்கள அடக்க மாட்டியா?”

“கேஸு குடுங்க சார்” என்றாள் உமாராணி. “தாராளமாக் குடுங்க. எம்மக திட்டுனதுக்கு அவ பதில் சொல்லட்டும். கேக்காமப் படம் எடுத்து ஊர் ஊரா அனுப்புனதுக்கு உங்க மகன் பதில் சொல்லட்டும். ஸ்டேஷன் ஒண்ணுதான? சேர்ந்தே போவோம்.”

எல்லோரும் அம்மையப்பனைப் பார்த்தார்கள். அவன் எழுந்தான். நெற்றியெல்லாம் வியர்வை.  இவன் இப்போது கையைக் கட்டிக்கொண்டு மன்னிப்புக் கேட்டுவிட்டால், பிள்ளை அந்த மேடையிலேயே உடைந்துபோகும். அவன் பாக்கெட்டுக்குள் கையை விட்டுத் துழாவினான். லாண்ட்ரி வேன் சாவியை எடுத்து எல்லோருக்கும் தெரிகிற மாதிரி நீட்டினான்.

“வண்டி கீழதான் நிக்குது முதலாளி” என்றான்.  “நானே ஓட்டுறேன். யல்லா, போயிட்டு வந்துருவோம்.”

பின்வரிசையில் யாரோ விசிலடித்தார்கள். அட, நம்ம அம்மையப்பனா என்று ஒரு குரல் கேட்டது. உமாராணிக்குக் கண்ணீர் கொட்டியது. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அந்த மனுஷனை அவள் அன்றைக்குத்தான் அப்படிப் பார்த்தாள்.

சுரேஷ்குமார் சாவியைப் பார்த்தார், மகனைப் பார்த்தார். மனைவி அவர் ஜிப்பாவைப் பிடித்து இழுத்து, வேண்டாங்க, பையன் மாட்டிக்குவான் என்று முணுமுணுத்தாள். மைக் பக்கத்தில் இருந்ததால் அது ஹால் முழுக்கக் கேட்டது.

“கலாஸ், கலாஸ்” என்றார் அவர், கையை ஆட்டிக்கொண்டே. “பண்டிகையும் அதுவுமா எதுக்கு? முடிஞ்சது. எல்லாரும் சாப்பிட வாங்க.”

“கலாஸ்னு நான்தான் சொல்லணும் சார்” என்றாள் ஜோதி. மேடையை விட்டு அவள் இறங்கவில்லை. “நிரஞ்சன், வா.”

அவன் அப்பாவின் முகத்தைத் தேடினான்.

“அப்பாவப் பாக்காத. என்னப் பாரு.”

ஒரு கை வேட்டியைப் பிடித்துக்கொள்ள, அவன் தடுக்கித் தடுக்கி மேலே போனான். மைக்கை அவள்தான் நீட்டினாள். “நான்தான் எடுத்தேன். ஷாப்ல. அவகிட்ட கேக்கல. நான்தான் கறுப்பாக்குனேன். எல்லாரும் சிரிச்சாங்க, அதனால இன்னும் அனுப்புனேன். சாரி” என்றான். சொல்லிவிட்டுச் சட்டைக் கையால் கண்ணைத் துடைத்தான். அவனும் பிள்ளைதானே என்று உமாராணிக்கு ஒரு நிமிஷம் தோன்றியது. உடனே, பிள்ளைதான், அதற்கு என்ன என்றும் தோன்றியது.

“இப்ப சொன்னத அப்படியே வாய்ஸ்ல பேசி, எந்தெந்த குரூப்ல அத அனுப்புனியோ அங்கல்லாம் போடு” என்றாள் ஜோதி. “வீடியோ வேணாம், உன் மூஞ்சி எனக்குத் தேவையில்ல. குரல் போதும். நான் உன்ன அப்படித் திட்டுனதுக்கு சாரி. இப்ப கலாஸ்.”

இறங்கி வந்து அப்பா பக்கத்தில் உட்கார்ந்து அவன் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதாள். அழுது முடித்ததும் பொங்கல் கேட்டாள். மதுஷா இரண்டு கரண்டி கூடவே வைத்தாள்.

நிரஞ்சனின் குரல் மறுநாளே டியூஷன் குரூப்பில் வந்தது. ஃபஹாஹீல் வரைக்கும் போனது. பன்னீர்செல்வம் அதைத் தன் மெஸ்ஸில் எல்லோருக்கும் போட்டுக் காட்டினானாம். நாகவள்ளி மட்டும் கொஞ்ச நாள் பேசாமல் இருந்தாள். அப்புறம் ஒருநாள், மகன் போனில் தானே அதை அழித்துவிட்டதாக ஒற்றை வரி அனுப்பினாள். சுரேஷ்குமார் விசாவில் கை வைக்கவில்லை, அம்மையப்பனோடு பேசுவதும் இல்லை. ரினியூவல் கோடையில் வருகிறது. அம்மையப்பன் வேறு வேலைக்கு நாலு லாண்ட்ரிகளில் சொல்லி வைத்திருக்கிறான்.  இப்போதெல்லாம் வேலைக்குப் போகும்போது தன் சட்டையையும் தேய்த்துப் போட்டுக்கொண்டு போகிறான்.

அந்தப் படம் மட்டும் சாகவில்லை. அது எங்கே சாகும்? மார்ச் மாதத்தில் ஒரு சாயங்காலம், புதிதாக மாவு வாங்க ஆரம்பித்த ஒரு பெண், அஜ்மானில் இருக்கிறவள், மாவு அருமை அக்கா, நான்தான் தோசையைத் தீய்த்துவிட்டேன் என்று எழுதி, கூடவே ஸ்டிக்கர் ஒன்றைத் தட்டிவிட்டாள். அதே முகம். அதே இஸ்திரிப் பெட்டி.

உமாராணி அடுப்பில் தோசை ஊற்றியிருந்தாள். கரண்டியைக் கீழே வைத்துவிட்டு மைக்கை அழுத்தினாள். இப்போதெல்லாம் அவள் ஸ்டிக்கர் அனுப்புவதில்லை, வாயைத் திறந்துதான் பேசுகிறாள்.

“தங்கச்சி, இது எம்மகம்மா. பேரு நாகஜோதி. படம் எடுத்தவன் அவகிட்ட கேக்கல. உன் மேல கோவமில்ல, உனக்குத் தெரியாது. எனக்கே தெரியாமத்தான் இருந்துச்சு. அழிச்சுரு. உனக்கு அனுப்புனவங்க யாரோ, அவங்களுக்கு இந்த வாய்ஸ அனுப்பு.”

ஜோதி சமையல்கட்டு வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். “அம்மா, இது இன்டர்நெட்மா. முடியவே முடியாது. எத்தன பேருக்குத்தான் சொல்லுவ?”

“முடியாட்டிப் போகுது. அது எத்தனை தடவ வருதோ, அத்தனை தடவ நானும் வருவேன். அதுக்கு வாய் கிடையாது, எனக்கு இருக்குல்ல?”

“ஐயோ, அம்மா, தோசை!”

கல்லிலிருந்து புகை எழும்பிச் சமையல்கட்டு முழுக்கத் தீய்ந்த வாடை. ஹிஃப்ஸா அந்த அறையிலிருந்து என்னக்கா என்று கத்தினாள். உமாராணி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. போன வாய்ஸுக்கு இரண்டு டிக் விழுகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

“கருகுனா கருகட்டும்டி” என்றாள். “மாவு இருக்கு.”